கிடை மாடுகளில் கன்று வீச்சு: மேய்ச்சல்தான் காரணமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"எங்களிடம் தொண்ணூற்றுச் சொச்சம் புலிக்குளம் மாடுகள் இருக்கின்றன. தாத்தா காலத்திலிருந்தே, உரத்துக்காக இரவில் பிறர் வயலில் மாடுகளை மடக்கிக் கிடை போட்டுப் பிழைக்கும் குடும்பம். ஐப்பசியிலிருந்து இதுவரை ஐந்து மாடுகள் ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே சினை கலைந்து கன்று வீசிவிட்டன. அவற்றில் மூன்று, முதல்முறை சினையான தலையீற்றுக் கிடேரிகள். இரண்டு மாடுகளுக்கு நஞ்சுக்கொடி விழாமல் அப்பாவும் அண்ணனும் கையாலேயே எடுத்தார்கள். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு மாடுகளுக்குப் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் என்று வந்திருக்கிறது. 'அவிழ்த்துவிட்டு மேய்க்கிற மாடென்றால் இது இருக்கத்தான் செய்யும், கட்டுத்தறியில் வளர்த்தால் வராது' என்று ஊரில் சொல்கிறார்கள். கிடை கேட்டு முன்பணம் கொடுத்த வயல்காரச் சம்சாரிகள் இருவர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மேய்ச்சல் மாடுகளில் இந்த நோய் எவ்வளவு பரவலானது? ஏன்? கிடையைக் கலைத்துவிட வேண்டியதுதானா? அண்ணனுக்கு ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது, இடுப்பு வலிக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதையெல்லாம் இரவு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இதை நாளைக் காலையே செய்யுங்கள். அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். "எங்கள் மாடு கன்று வீசியது, கொடியை வெறுங்கையால் எடுத்தேன், மாட்டின் ரத்தத்தில் புருசெல்லா இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாட்டின் பரிசோதனைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். அப்பாவையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள், அவருக்கு இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம். கால்நடைத் துறையில் பணியில் சேர்ந்த புதிதில், கொடி தங்கிய மாட்டுக்குத் தோள்வரை கையை விட்டு எடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. நீளமான கையுறை எல்லா மருந்தகங்களிலும் இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நினைத்தோம். ஒரு கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது, மாலையில் குளிரெடுக்கும், விடியும் முன் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கும். டைபாய்டு என்று மருந்து சாப்பிட்டேன், பிறகு காசநோயோ என்று படமெடுத்துப் பார்த்தார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு மருத்துவர் கேட்கும்வரை மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் சரியான ரத்தப் பரிசோதனை நடந்தது. என் இடது இடுப்பு இன்றும் மழைக்காலத்தில் அதை நினைவூட்டுகிறது.

மனிதருக்கு இதற்கு நல்ல மருந்து உண்டு. பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஆறு வாரம் கொடுப்பார்கள், அதோடு ரிஃபாம்பிசினோ, தொடக்க நாட்களில் ஊசி மருந்து ஒன்றோ சேர்ப்பார்கள். முதுகெலும்பில் இறங்கியிருந்தால் இன்னும் நீளும். பத்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், உடம்பு தெளிந்த மாதிரி இருக்கும், அங்கேதான் பலரும் மாத்திரையை நிறுத்துகிறார்கள். இந்தக் கிருமி நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் வகை. பாதியில் விட்டால் திரும்பி வரும். அண்ணன் ஆறு வாரமும் சாப்பிட்டு முடிக்கிறாரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, ஆகையால் வீட்டில் அவரை ஒதுக்கிவைக்க வேண்டாம். ஆனால் வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் அவர்கள் கன்று வீசிய மாட்டின் பக்கமே போகக் கூடாது.

இனி உங்கள் முதல் கேள்வி. மேய்ச்சல் மாடுகளில் இது எவ்வளவு பரவலானது?

இதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் கேட்பவர்களிடம் நான் தயங்குவேன், ஏனென்றால் இந்த நோய் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. 1998இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 23 மாநிலங்களிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். பசுவினத்தில் 1.9 விழுக்காடு, எருமையில் 1.8 விழுக்காடு. நூற்றுக்கு இரண்டு என்றால் சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு மாடுகள் நூறு தொழுவங்களில் சிதறிக் கிடப்பதில்லை. தொண்ணூறு வீடுகளில் ஒன்றுகூட இருக்காது, ஒரே ஒரு மந்தையில் கால்வாசி மாடுகள் நோயோடு நிற்கும். மாவட்டச் சராசரியைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் தொண்ணூற்றுச் சொச்சத்தில் எத்தனை என்பதுதான் உங்களுக்குத் தேவையான எண். அதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

"கட்டுத்தறியில் வளர்த்தால் வராது" என்ற பேச்சையும் இங்கேயே சரிசெய்துவிடுகிறேன். ஒன்றிரண்டு மாடு மட்டும் கட்டி வளர்க்கும் வீட்டில் இது குறைவு என்பது உண்மை. ஆனால் நம் நாட்டில் இந்த நோய் மோசமாகத் தாக்கிய இடங்களில் கொட்டகைக்குள்ளேயே மாடுகளை வைத்திருக்கும் பெரிய பால் பண்ணைகளும் அடக்கம். அங்கே மேய்ச்சலே கிடையாது. ஆப்பிரிக்காவிலோ படம் நேர்மாறாக இருக்கிறது. சஹாராவுக்குத் தெற்கே மாடுகளை ஓட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடக்கும் மேய்ப்பர் மக்களின் பெரிய மந்தைகளில்தான் நோய் அதிகம், வீட்டோரம் ஒன்றிரண்டு கட்டியிருப்பவர்களிடம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால் பண்ணைக்கும் மேய்ப்பர் மந்தைக்கும் பொதுவாக இருப்பது என்ன? பல மாடுகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதும், கூட்டத்துக்கு நடுவிலேயே கன்று ஈனுவதும், வெளியிலிருந்து மாடு வந்து சேர்வதும்தான். புல் அதில் எங்குமே இல்லை.

இந்தக் கிருமியின் போக்கைக் கொஞ்சம் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். டென்மார்க்கில் பாங் என்ற கால்நடை மருத்துவர் 1897இல் கன்று வீசிய மாட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த சிப்பாய்களிடம் இதன் உறவுக்காரக் கிருமியைப் புரூஸ் என்ற மருத்துவர் கண்டிருந்தார். புருசெல்லா என்ற பெயர் அவரால் வந்தது. சினையில்லாத மாட்டின் உடம்பில் இது நிணநீர் முடிச்சுகளிலும் மடியிலும் சத்தமில்லாமல் கிடக்கும். மாடு சினையாகி மாதம் ஏறும்போது கருப்பையில் எரித்ரிட்டால் என்ற ஒரு சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அது இந்தக் கிருமிக்கு விருந்து. அங்கே போய்க் கோடிக்கணக்கில் பெருகும். கொடி அழுகும், கன்றுக்கு ஊட்டம் நிற்கும், ஐந்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்று வெளியே வந்து விழும். விழுந்த கன்று, கொடி, அதோடு வழியும் நீர் ஆகிய மூன்றிலும் இருக்கிற அளவுக்குக் கிருமி வேறெங்கும் இருப்பதில்லை. மந்தையில் ஒரு மாடு கன்று வீசினால் மற்றவை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். வந்து முகரும், நக்கும். தரையில் கிடக்கும் வைக்கோலைக் கடிக்கும். அந்தச் சில மணி நேரத்தில் நோய் ஐந்து மாடுகளுக்குப் போய்விடும்.

அடுத்ததுதான் கிடைக்காரர்களை ஏமாற்றுவது. ஒருமுறை கன்று வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் உயிருள்ள கன்றையே போடும். "போன வருஷம் வீசியது, இந்த வருஷம் நல்லாப் போட்டுவிட்டது, நோய் விட்டுவிட்டது" என்று சொல்வார்கள். நோய் விடவில்லை. அந்த மாடு நல்ல ஈற்றிலும் கொடியோடு கிருமியை இறக்கும், பாலிலும் விடும், வாழ்நாள் முழுக்க. அதன் பெண் கன்றுகளில் சில தாயிடமிருந்தே தொற்றை வாங்கி, ரத்தச் சோதனையில்கூடப் பிடிபடாமல் வளர்ந்து, தலையீற்றில் கன்று வீசும். உங்கள் ஐந்தில் மூன்று தலையீற்றுக் கிடேரிகள் என்று படித்தவுடன் எனக்குச் சந்தேகம் வலுத்தது அதனால்தான். மந்தைக்குள் நோய் ஏற்கெனவே குடியேறிவிட்டால், பழைய மாடுகள் அதைச் சுமந்துகொண்டு அமைதியாக மேயும், புதிதாகச் சினையாகும் கிடேரிகள்தான் அடிபடும்.

மேய்ச்சல் மந்தையில் இது ஏன் நிலைத்துவிடுகிறது என்பதற்கு இப்போது வருகிறேன். பகலில் உங்கள் மாடுகள் பரந்து மேய்கின்றன. சிவகங்கை வெயில் நேராகப் பட்டால் இந்தக் கிருமி சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஈரமும் நிழலும் குளிர்ச்சியும் சேர்ந்தால் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நிழலும் ஈரமும் எங்கே கிடைக்கிறது? இரவுக் கிடையில், மாடுகள் படுத்த சாணி ஈரத்தில், மரத்தடியில், பங்குனிக்குப் பிறகு வற்றிப்போன கம்மாயின் கடைசிக் குட்டையில். மேய்ச்சல், மாட்டைப் பிரித்து வைக்கிறது. இரவும் தண்ணீரும் அதைக் கூட்டிச் சேர்க்கின்றன. நோய் அந்தக் கூட்டத்தில்தான் தாவுகிறது.

இதற்கு மாட்டை விட்டு வெகுதூரம் போய் ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டில் காட்டெருமைகளிடமும், எல்க் என்ற பெரிய மான்களிடமும் இந்த நோய் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வளர்ப்பு மாடுகளிடமிருந்து போனது, 1917இல் முதலில் கண்டறிந்தார்கள். அந்த மான்கள் காடு முழுக்கச் சுதந்திரமாகத் திரிபவை. அவற்றில் நோய் வேரூன்றிய இடம், பக்கத்து வயோமிங் மாநிலத்தில் பனிக்காலத்தில் வைக்கோல் போடுவதற்காக அரசு நடத்தும் தீவன மைதானங்கள். சரியாகச் சினை முற்றும் மாதங்களில் நூற்றுக்கணக்கான மான்கள் ஒரே மைதானத்தில் கூடுகின்றன. ஒன்று கரு வீசினால் மற்றவை வந்து முகர்கின்றன. அந்த மைதானத்துக்கும் உங்கள் இரவுக் கிடைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் பக்கம் ஒரு நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கிடை ஓரிரு இரவுக்கு மேல் ஒரே வயலில் நிற்பதில்லை. பால் பண்ணையின் ஈரத் தரை ஆண்டு முழுக்க அதே தரை. உங்களுக்கோ நாளைக்கு வேறு தரை, விட்டுவந்த தரையை வெயில் சுட்டுத் தீர்த்துவிடும். முன்னோர்கள் உரத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும் நோயைத் தடுக்கவும் அது உதவுகிறது.

பொலிகாளையைப் பலரும் பழி சொல்வார்கள். நோயுள்ள காளைக்கு விதை வீங்கும், அப்படிப்பட்டதை வைத்திருக்கக் கூடாது. ஆனால் மாட்டினத்தில் இயற்கையாகச் சேரும்போது இந்த நோய் பரவுவது பெரிய வழி கிடையாது, வாய்வழியாகப் போவதுதான் பெரிது. உங்கள் காளையை விற்றுவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். சந்தையிலிருந்து வாங்கிவந்த சினைக் கிடேரி அதைவிடப் பல மடங்கு ஆபத்து. கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் வெளியிலிருந்து என்ன மாடு வந்தது என்று அப்பாவோடு உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். ஆட்டுக் கிடையோடு சேர்ந்து மேய்கிறீர்களா என்பதும் முக்கியம். வெள்ளாடு, செம்மறியில் வரும் இந்த நோயின் வகை மாட்டுக்கும் தாவும், மனிதரை இன்னும் கடுமையாகத் தாக்கும்.

இன்னொரு காரணத்தைச் சொல்லும்போது எனக்கு மனவருத்தம் வருகிறது, ஏனென்றால் அதில் எங்கள் துறையினரின் பங்கும் உண்டு. இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. எஸ்-19 என்று பெயர். நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள் பெண் கன்றுக்கு ஒரே ஒரு முறை போட்டால் போதும், ஏறக்குறைய ஆயுளுக்கும் காப்பு. 2019இலிருந்து மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதையும் சேர்த்து இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் முகாம் ஊருக்கு ஊர் நடக்கிறது. உங்கள் ஊரில் முகாம் நடக்கும் நாளில் உங்கள் கிடை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய வயலில் நிற்கிறது. அடுத்த முகாம் வருவதற்குள் கன்றுக்கு எட்டு மாதம் கடந்துவிடுகிறது. வீட்டில் கட்டியிருக்கும் கறவை மாட்டின் கன்றுக்குக் கிடைப்பது, நடந்துகொண்டே இருக்கும் மாட்டின் கன்றுக்குக் கிடைப்பதில்லை. மேய்ச்சல் மாடுகளில் நோய் நீடிக்கும் காரணங்களில் இதை நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். எளிதில் தீர்க்கக் கூடியதும் இதுதான்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வேலியே இல்லாத பரப்பில் திரியும் பெரும் மந்தைகள் உண்டு. ஒரு பண்ணையே நம் மாவட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். அந்த மாடுகளையும் கூட்டிப் பிடித்து, தடுப்பூசி போட்டு, சோதித்து, நோயுள்ளவற்றை நீக்கி, 1970இல் தொடங்கிய திட்டத்தை விடாமல் நடத்தி, 1989இல் நாடே இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மேய்ச்சலை அவர்கள் நிறுத்தவில்லை. ஆகவே கிடையைக் கலைக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். கலைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. தொண்ணூறு மாடுகளையும் விற்றால் அவை தொண்ணூறு வீடுகளுக்குப் போகும், நோயும் கூடவே போகும்.

ஆஸ்திரேலியர்கள் செய்த ஒன்றை நம்மால் செய்ய முடியாது. நோயுள்ள மாட்டை இழப்பீடு கொடுத்து அகற்றும் ஏற்பாடு இங்கே இல்லை. சட்டமும் மனமும் இடம் கொடுக்காது. மாட்டுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவதும் நடைமுறையில் இல்லை. யாராவது ஊசி போட்டுச் சரிசெய்கிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள். அதனால் நமக்கு இருக்கும் வழி பிரித்து வைப்பதும், ஈற்றைக் காவல் காப்பதும், கன்றுகளுக்கு ஊசி போடுவதும்.

முதலில் எல்லா மாடுகளுக்கும் ரத்தச் சோதனை. இரண்டு மாட்டுக்கு வந்திருக்கிறது என்பது தொடக்கம்தான். உங்கள் மருத்துவரிடம் சொல்லி மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவின் வழியாக முழுக் கிடையையும் சோதிக்கக் கேளுங்கள். ரோஸ் பெங்கால் என்ற தட்டுச் சோதனையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், சந்தேகமானவற்றை எலைசா முறையில் உறுதிசெய்வார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். கன்று வீசிய அன்றோ ஈன்ற அன்றோ எடுத்த ரத்தம் நோய் இல்லை என்று பொய் சொல்லக்கூடும். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் ஐந்தில் மீதி மூன்றுக்கு இல்லை என்று வந்ததை நான் இன்னும் நம்பவில்லை. வேறு காரணமும் இருக்கலாம் என்பதையும் மருத்துவர் பார்ப்பார். எலிக்காய்ச்சல் கிருமியும், உண்ணிக் காய்ச்சலும், கோமாரியும்கூடச் சினையைக் கலைக்கும்.

நோயுள்ளவை எவை என்று தெரிந்த பிறகு அவற்றைத் தனிக் கிடையாகப் பிரியுங்கள். ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். பகலில் ஒரே மேய்ச்சலுக்குப் போனாலும் பெரிய கேடு இல்லை. இரவில் மட்டும் இரண்டு வயலில் மடக்குங்கள், தண்ணீருக்கு நல்ல மாடுகளை முதலில் விடுங்கள். எல்லாவற்றையும்விட, ஆறு மாதச் சினை தாண்டிய எந்த மாட்டையும் ஈன்று முடிக்கும்வரை, நோய் உண்டோ இல்லையோ, கூட்டத்தோடு விடாதீர்கள். வீட்டோரம் ஒரு ஈற்றுக் கொட்டகை போட்டால் நல்லது. முடியாவிட்டால் கிடையின் ஓரத்தில் படல் கட்டி ஒதுக்குங்கள். கன்று வீசிய மாட்டைச் சீழ் வடிவது நிற்கும்வரை, குறைந்தது ஒரு மாதம், கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

கொடியைப் பற்றி அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். பால் பெருகும் என்ற நம்பிக்கை. நாய் இழுத்துப் போகாமல் காக்கும் பயனும் அதில் இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயுள்ள கிடையில் அந்தச் சாக்கிலிருந்து சொட்டுவதும், காக்கை கொத்தி இழுப்பதும், கட்டிய கையும் எல்லாம் நோய்தான், மரத்து நிழலில் அது உலரவும் நாளாகும். வீசிய கன்றையும் கொடியையும் நாலடிக்குக் குறையாத குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். நனைந்த வைக்கோலை எரித்துவிடுங்கள். கிடந்த இடத்தில் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போடுங்கள். கிடை நாய்களை அன்றைக்குக் கட்டிப்போடுங்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாது, தடித்த பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள், முகத்தையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், கண் வழியாகவும் மூச்சு வழியாகவும் இது நுழையும். கொடி தங்கினால் நீங்கள் எடுக்க வேண்டாம். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். அது வரும்வரை மாடு காத்திருக்கும்.

புலிக்குளம் மாட்டில் விற்கும் அளவுக்குப் பால் இல்லை, அதனால் உங்கள் கிடையால் ஊருக்குப் பால் வழியாக ஆபத்து இல்லை. ஆனால் மேய்ச்சல் காட்டில் பிள்ளைகள் காம்பில் வாய் வைத்து உறிஞ்சுவதும், கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பதும் உண்டே, அதை இன்றோடு நிறுத்துங்கள். பொங்கக் காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி இருக்காது.

நோயுள்ள மாட்டை விற்காதீர்கள். சந்தையில் அதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மினுமினுப்பாக இருக்கும், சினையும் பிடித்திருக்கும், நல்ல விலையும் போகும். வாங்குகிறவர் உங்களைப் போன்ற இன்னொரு கிடைக்காரராக இருப்பார், இரண்டு ஆண்டு கழித்து அவர் வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்திருப்பான். இதை நட்டத்தோடு தாங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் இதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

முன்பணத்தைத் திருப்பி வாங்கிய சம்சாரிகளிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். சாணியும் மூத்திரமும் வயலில் விழுவதால் பயிருக்கு இந்த நோயால் ஒன்றும் ஆகாது, வெயில் நேராகப் படும் மண்ணில் கிருமி நெடுநாள் தாங்காது. அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. கிடை கிடந்த இரவில் ஏதாவது மாடு கன்று வீசினால் அதை மறைக்காமல் சொல்வதும், அந்த இடத்தைக் குழிதோண்டிச் சுத்தம் செய்து கொடுப்பதும் உங்கள் கடமை, அவர்களும் தங்கள் மாட்டை இரண்டு வாரமாவது அங்கே விடாமல் இருக்க வேண்டும். சினை முற்றிய மாடுகளை வீட்டோடு நிறுத்திவிட்டுத்தான் கிடை கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். உரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

கிடேரிக் கன்றுகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தொண்ணூறு மாடுகள் உள்ள கிடையில் நான்கு மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குக் கீழ் எப்படியும் சில இருக்கும். வயதை அப்பாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு, அடுத்த மூன்று மாதம் கிடை எந்தெந்த ஊரில் நிற்கும் என்பதையும் எழுதி உங்கள் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். முகாம் வரும்வரை காத்திருக்காமல் கிடை நிற்கும் இடத்துக்கே வந்து ஊசி போடக் கேளுங்கள், மறுத்தால் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். இது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி, மருத்துவருக்கே கையில் குத்திவிட்டால் நோய் வரலாம், அதனால் கன்றுகளை அசையாமல் பிடித்துக்கொடுக்க இரண்டு ஆட்களை நிறுத்துங்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஊசி போட்ட கன்றின் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை இருக்கிறதா, அந்த எண் பதிவாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிறகு சோதித்தால் குழப்பம் வராமல் இருக்க அது வேண்டும்.

அண்ணனின் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எட்டு மாதத்தை நெருங்கும் கன்றுகள் எத்தனை என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.